அம்மாவின் பாதி வாழ்க்கை தோழிகளிடம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களில் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருப்பீர்கள். மறைந்தவர் ஆண் என்றால் பெயருக்குக் கீழே அவர் பார்த்த வேலையோ வகித்த பொறுப்போ ஒரு வரியாவது இருக்கும். பெண் என்றால் பெரும்பாலும் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் பாட்டி என்று உறவுகள் மட்டும் வரிசையாக நிற்கும். அதற்குமேல் 'பாசத்தின் உறைவிடம்', 'பொறுமையின் சிகரம்' என்று இரண்டு தொடர்கள். பக்கத்துக் கட்டத்தில் உள்ள இன்னொருவர் படத்துக்குக் கீழே அவற்றை மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

ஓராண்டு கழித்து அதே குடும்பம் நினைவு மலர் கொண்டுவர முடிவு செய்யும்போது இந்தக் குறை பெரிதாகிவிடுகிறது. பிள்ளைகள் நான்கு பேர் எழுதிக் கொடுத்தால் நான்கும் ஒரே கட்டுரை போல இருக்கும். விடியுமுன் எழுந்தார், எல்லோரும் உண்டபின் உண்டார், யாரையும் கடிந்து பேசியதில்லை. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு நினைவு தெளியும்போது அம்மாவுக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும். அதற்கு முன் அவர் எதற்குச் சிரித்தார், யாரோடு சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார், என்ன படிக்க ஆசைப்பட்டார் என்பதெல்லாம் கூடப் பிறந்தவர்களிடமும் தோழிகளிடமும் உடன் வேலை பார்த்தவர்களிடமும் இருக்கிறது.

குடும்ப நினைவு மலர்களைத் தொகுக்கும் வேலையைச் செய்துவரும் நாங்கள் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முதலில் தோழிகளிடம் போங்கள். எப்படிப் போவது, என்ன கேட்பது, எங்கே தவறும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் அச்சு பற்றிய பகுதியைச் சுருக்குங்கள். கேட்பது பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

யாரிடம் கேட்பது என்ற பட்டியலில் இருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் 'அவர்மேல் பிரியமாக இருந்தவர்கள்' என்று பட்டியல் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் கடைசிப் பத்து ஆண்டுகளில் வீட்டுக்கு வந்துபோனவர்கள் மட்டும் வருவார்கள். அதற்குப் பதிலாக ஒரு பெரிய தாளில் அவர் வாழ்நாளைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவரை அன்றாடம் பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். பிரியம் இருந்ததா என்பது வேண்டாம், தினமும் பார்த்தாரா என்பதே கேள்வி. எழுதி முடித்ததும் சில கட்டங்கள் காலியாக இருக்கும். பள்ளி முடிந்ததற்கும் முதல் குழந்தை பிறந்ததற்கும் இடையே உள்ள கட்டம்தான் அடிக்கடி காலியாக இருப்பது. தேட வேண்டிய இடம் அதுவே.

காலிக் கட்டத்தை நிரப்பத் தடயங்கள் வீட்டிலேயே கிடைக்கும். கைபேசிக்கு முந்தைய முகவரிக் குறிப்பேடு, பழைய கடித உறைகளில் அனுப்புநர் முகவரி, குழுப் புகைப்படத்தின் பின்புறம், புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று போட்ட கையெழுத்து, அழைப்பிதழ் அனுப்பிய பட்டியல்கள். கைபேசியில் பல பேர் பெயரோடு இருக்க மாட்டார்கள். 'டீச்சர் அக்கா', 'மாடி வீடு' என்று இருப்பார்கள். அந்த எண்களுக்கும் ஒருமுறை பேசிப் பாருங்கள். தோழிகளைத் தேடுவதில் இன்னொரு சிக்கல், அவர்களும் மணமாகித் தலைப்பெழுத்தை மாற்றியிருப்பார்கள். தந்தை பெயரின் தலைப்பெழுத்தையும் படித்த ஆண்டையும் சொல்லி, கிடைத்த ஒரு தோழி வழியாக அடுத்தவரைப் பிடிப்பதுதான் சுலபம். ஒருவர் கிடைத்துவிட்டால் மூவர் கிடைப்பார்கள்.

சந்திக்கும் வரிசை வயதை ஒட்டி இருக்கட்டும். எண்பதைத் தாண்டியவர்கள் முதலில், உடல்நலம் குன்றியவர்கள் அடுத்து, வெளியூர் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்கும் அடுத்து. பிள்ளைகள் கடைசி. பிள்ளைகளை அடுத்த ஆண்டுகூடக் கேட்டுக்கொள்ளலாம். துக்கம் ஆறாத முதல் சில வாரங்களில் யாரிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டாம். 'பிறகு வந்து பேசுகிறேன்' என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஆனால் அந்தப் 'பிறகு' ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது.

தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசவிட்டால் கலகலப்பாக இருக்கும், ஆனால் கிடைப்பது குறைவு. நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். மூன்று பேர் கூடி உட்கார்ந்து நினைவுகூர்ந்தவற்றைவிட, அதே போன்ற மூன்று பேர் தனித்தனியே சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் அதிகமாக இருந்தது என்பது 1997-இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. ஒவ்வொருவரும் ஒரு வரிசையில் நினைவைத் தேடுகிறார்கள்; அடுத்தவர் பேச்சு அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. குடும்பங்களில் இதோடு மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. மூத்தவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் இளையவர்கள் 'ஆமாம்' என்பார்கள். இரண்டு முறை 'ஆமாம்' சொன்னபின் அது அவர்களுடைய சொந்த நினைவாகவே ஆகிவிடும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. தனித்தனிப் பதிவுகள் முடிந்தபின் எல்லோரையும் கூட்டுங்கள். புகைப்படத்தில் உள்ள முகங்களை அடையாளம் காணவும் ஆண்டுகளை முடிவு செய்யவும் கூட்டம் மிகவும் நல்லது.

முதியவர்களிடம் போகத் தயங்குபவர்கள், 'அவருக்கு நேற்று நடந்ததே நினைவில்லை, அறுபது ஆண்டுக் கதையை என்ன சொல்லப் போகிறார்' என்பார்கள். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை விகிதத்துக்கு மிஞ்சி வருகின்றன என்பது பல நாடுகளில் உறுதியான கண்டுபிடிப்பு. எண்பது வயதுத் தோழிக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கும் ஆண்டுகளும், பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாத ஆண்டுகளும் ஒன்றேதான். இந்த வாய்ப்பைக் கைவிடலாமா?

இனி, என்ன கேட்பது. 'அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'ரொம்ப நல்லவங்க' என்று பதில் வரும். கேள்வி அவ்வளவு அகலமாக இருந்தால் விடையும் அப்படித்தான் இருக்கும். இடத்தில் இருந்து தொடங்குங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அவர்கள் முதலில் பழகிய வீட்டையோ விடுதி அறையையோ வேலை பார்த்த அறையையோ வரையச் சொல்லுங்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, அவர் எங்கே உட்காருவார், நீங்கள் எங்கே. கோணல்மாணலாக வரைந்தால் போதும். வரையும்போதே பேச்சு தானாக வரும். 'இந்த ஜன்னல் பக்கம்தான் உக்காருவா, வெளிச்சம் வேணும்பா, கண்ணு அப்பவே சரியில்ல' என்று ஒரு வரி விழும். அவருக்குப் பார்வைக் கோளாறு எப்போது தொடங்கியது என்று நேராகக் கேட்டிருந்தால் அந்த வரி கிடைத்திருக்காது. வரைந்த தாளில் வரைந்தவர் பெயரையும் தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மலரில் அதையே படமாகப் போடலாம்.

இடத்துக்குப் பிறகு ஒரு நாள். காலை எழுந்ததில் இருந்து இரவு விளக்கணைக்கும் வரை ஒரு சாதாரண நாளைச் சொல்லச் சொல்லுங்கள். விசேஷ நாளைக் கேட்க வேண்டாம். அவற்றுக்குப் புகைப்படம் இருக்கிறது. அதன்பின் கைகள்: தைப்பார், கோலம் போடுவார், கணக்கு எழுதுவார், பேசும்போது மோதிரத்தைச் சுழற்றுவார். பின்னர் பணம்: முதல் வருமானம் எப்போது, யாருக்குக் கடன் கொடுத்தார், தனக்கென்று வாங்கிய முதல் பொருள் எது. பெண்களின் வாழ்க்கைக் குறிப்பில் பணத்தைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. கேட்டால் தோழிகள் மணிக்கணக்காகச் சொல்கிறார்கள். கோபத்தையும் கேளுங்கள். எதற்குக் கோபம் வரும், வந்தால் என்ன செய்வார் என்பது தெரியாமல் ஒருவரைத் தெரிந்ததாகச் சொல்ல முடியாது.

'அன்பானவர்', 'தைரியசாலி' போன்ற பண்புச் சொல் வரும்போதெல்லாம் ஒரே தொடர் கேள்வி போதும்: 'அப்படி நீங்கள் பார்த்த ஒரு நாளைச் சொல்லுங்களேன்.' சொன்னால் எழுதலாம். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை மலரில் போடத் தேவையில்லை. கேள்வி கேட்டபின் அமைதி நீண்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்பவர்கள் செய்யும் முதல் தவறு மூன்றாவது விநாடியிலேயே அடுத்த கேள்விக்குத் தாவுவது. 'அவங்களுக்குப் பாட்டு ரொம்பப் பிடிக்கும் இல்லையா?' என்று விடையைத் திணித்துக் கேட்பது இரண்டாவது. வயதான தோழி, கேட்பவர் மனம் கோணக் கூடாதே என்று 'ஆமாம்' சொல்லிவிடுவார்.

ஒரு அமர்வு 45 நிமிடத்தில் இருந்து ஒரு மணி நேரம். அதற்குமேல் முதியவர்களுக்குக் குரல் தேய்ந்துவிடும். முடிந்தது என்று எழுந்து வாசலுக்கு வரும்போதுதான் முக்கியமானது வெளிவரும் என்பது இந்த வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கருவியை அணைக்குமுன் 'இன்னும் பத்து நிமிடம் பதிவு ஓடட்டுமா, சும்மா பேசிக்கொண்டிருக்கலாம்' என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். தெரியாமல் பதிவு செய்யவே கூடாது. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை போங்கள். முதல் சந்திப்புக்குப் பிறகு இரவெல்லாம் யோசித்து வைத்தது இரண்டாம் சந்திப்பில் வரும்.

பதிவுக்குச் சாதாரணக் கைபேசி போதுமானது. விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில கைபேசிகளில் பதிவு நின்றுவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். மடித்த துண்டின்மேல், பேசுபவர் வாயில் இருந்து ஓர் அடித் தொலைவில் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் டம்ளர் வைக்கும் ஓசைகூட இடியாகப் பதியும். மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் பெரிய எதிரிகள். ஓட்டத்தில் நம் காது அவற்றை ஒதுக்கிவிடும், கருவி ஒதுக்காது. திரைச்சீலையும் துணியும் உள்ள சிறிய அறை நல்லது. வெற்றுச் சுவர்க் கூடம் எதிரொலிக்கும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, காதொலிப்பானில் கேட்டுச் சரிபார்த்தபின் தொடங்குங்கள். தேதி, இடம், பேசுபவர் பெயர், மறைந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதை முதல் வாக்கியமாக உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் குரல் சொல்லும். சுருக்காத ஒலிக்கோப்பான வேவ் (WAV) வடிவில் ஒற்றைத் தடமாகப் (மோனோ) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 எம்பி பிடிக்கும். இடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அன்று இரவே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். ஒரே வன்தட்டில் இரண்டு கோப்புறையாக வைப்பது ஒரு பிரதிதான்.

பேச்சை எழுத்தாக்குவது அலுப்பான வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பழகியவருக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். தானாக எழுத்தாக்கும் செயலிகளை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அவை ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் சிதைக்கும், வட்டார வினைமுடிவுகளைப் பொதுத் தமிழாக மாற்றிவிடும். பதிவை முழுதாக ஒருமுறை கேட்டுத் திருத்தாமல் எதையும் நம்ப வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அம்மாவை 'அவங்க' என்பார்கள். அறுபது ஆண்டுத் தோழி 'அவ' என்பார். 'அவ சரியான வாயாடி, வாத்தியாரையே மடக்கிருவா' என்று சொல்வார். எழுத்தாக்கும்போது குடும்பத்தினர் இதைப் பார்த்துப் பதறி, 'அவர் சிறந்த பேச்சாற்றல் கொண்டவர், ஆசிரியர்களிடமும் துணிந்து வினவுவார்' என்று மாற்றிவிடுகிறார்கள். மரியாதை என்று நினைத்துச் செய்வது இது. அந்த ஒருமையில் இருந்த அறுபது ஆண்டு நெருக்கம் அதோடு போய்விடும். அம்மாவை 'டி' போட்டுக் கூப்பிட உலகத்தில் இருந்த சிலரில் ஒருவர் பேசுகிறார். அந்தக் குரல் அச்சில் இருக்கட்டும். 'வந்தாக', 'வந்தாவ', 'வந்தாங்க' எதுவாக இருந்தாலும் சொன்னபடியே விடுங்கள். தொகுப்பாளர் எழுதும் இணைப்பு வரிகள் பொதுத் தமிழில் இருக்கலாம். மேற்கோள் குறிக்குள் இருப்பது பேசியவருடையது.

சொன்னவை ஒன்றோடொன்று முரண்படும். அக்கா ஓர் ஆண்டைச் சொல்வார், தோழி வேறு ஆண்டைச் சொல்வார். நினைவில் ஆண்டுகள் நிற்பதில்லை, முன்பின் வரிசை ஓரளவு நிற்கும். 'எந்த ஆண்டு?' என்பதைவிட 'பெரியவன் பிறந்ததற்கு முன்பா பின்பா?', 'அந்த வீட்டுக்கு மாறிய பிறகா?' என்று கேளுங்கள். பின்னர் சான்றிதழ், கடித முத்திரை, புகைப்படத்தின் பின்னுள்ள ஸ்டுடியோ முத்திரை ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்தது ஏராளம். தீராத முரண்பாட்டைத் தீர்க்க முயலாமல் இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு அச்சிடுங்கள். பெயர்களுக்கும் ஒரு தனிப்பட்டியல் வேண்டும்: பிறந்தபோது வைத்த பெயர், பள்ளிப் பதிவேட்டுப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தோழிகள் வைத்த பட்டப்பெயர், மணத்துக்குப் பிந்தைய தலைப்பெழுத்து. அது இல்லாவிட்டால் ஒரே பெண் ஐந்து பேராகச் சிதறிவிடுவார்.

மறைந்தவரின் கைபேசியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அழித்துப் புதிதாக்கவும் வேண்டாம். சிம் எண்ணைக் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இயங்காமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். தனிநபர் கூகுள் கணக்கை 2 ஆண்டு தொடாவிட்டால் நீக்கும் உரிமையை அந்த நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கிறது. அவர் அனுப்பிய குரல் செய்திகள் பெற்றவர்களின் கைபேசியிலும் இருக்கும். ஒவ்வொரு தோழியிடமும் அந்த உரையாடலை ஊடகங்களோடு சேர்த்து ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள். 'சாப்டியா? நாளைக்குப் பேசறேன்' என்ற எட்டு விநாடிக் குரல் எந்த அஞ்சலிக் கட்டுரையிலும் கிடைக்காதது. பழைய ஒலிநாடா இருந்தால், போடுமுன் அதன் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் மேலே பதிவாவதை அது தடுக்கும். பலமுறை ஓட்டிப் பார்க்க வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்ளுங்கள், அடுத்த ஓட்டத்தில் நாடா அறுந்தாலும் இழப்பில்லை.

புகைப்படங்களை வருடிக் கருவியில் (ஸ்கேனர்) எடுப்பது நல்லது. அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்க 600 அல்லது 1200 வேண்டும். நெகடிவ் இருந்தால் குறைந்தது 2400. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிதையும். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும், 'ஆவணமாக' அனுப்பினால் முழு அளவில் வரும். அச்சகத்தில் படம் கலங்கலாக வந்தது என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

ஒட்டும் பசைத் தாளுள்ள பழைய ஆல்பத்தில் இருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்துக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் வரும். வராவிட்டால் அப்படியே பக்கத்தோடு வருடுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியோடேயே வருடிவிட வேண்டும். உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். பின்புறம் பெயர் எழுத 2பி பென்சில், கெட்டியான பரப்பின்மேல் வைத்து, ஓரத்தில் மட்டும். பந்துமுனைப் பேனா மறுபுறம் முகத்தில் தழும்பாகத் தெரியும். பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குத் தனித் துண்டுத்தாளில் எண்ணிட்டு எழுதுங்கள்.

அவர் கையெழுத்தில் இருப்பவற்றில் கடிதத்தை மட்டுமே பொருட்படுத்துகிறார்கள். வீட்டுக் கணக்கு நோட்டு கடிதத்தைவிட அதிகம் பேசும். எந்த மாதம் மருந்துச் செலவு ஏறியது, யாருக்கு மாதாமாதம் பணம் போனது, எப்போது பேனா மாறி எழுத்து நடுங்கத் தொடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பக்கங்களையும் வரிசை மாற்றாமல் படம் எடுங்கள். இடையில் செருகியிருந்த ரசீது எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். அவர் கைப்பக்குவத்தை எழுதி வைக்க விரும்பினால், அவரோடு அடுப்படியில் நின்றவரைச் செய்யச் சொல்லி, பாத்திரத்தைத் தராசின்மேல் வைத்து, ஒவ்வொரு கைப்பிடிக்கும் முன்பும் பின்பும் எடையைக் குறியுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் 'ஒரு கை' என்பது எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும்.

அனுமதி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பேசியவரிடம் எழுத்தாக்கியதைப் படித்துக் காட்டி, அச்சில் வரலாமா என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். 'இதை எழுத வேண்டாம்' என்றால் எழுதக் கூடாது. பதிவில் அந்தப் பகுதி எத்தனையாவது நிமிடம் என்று குறித்து மூடி வையுங்கள். தோழிகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் உங்கள் அலமாரியில் இருந்தாலும், தாள்தான் உங்களுடையது. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கேட்காமல் அச்சிடாதீர்கள். நோய், மணமுறிவு, சொத்துத் தகராறு போன்றவற்றில் உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்டிருப்பார்கள். அவற்றை மறைத்துப் பொய்யாக எழுத வேண்டியதில்லை. மலரில் விட்டுவிடலாம், ஆவணத்தில் இருக்கட்டும்.

அச்சைப் பற்றிச் சுருக்கமாக. நடுவில் பின் அடித்த மலர் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். தாள் கனத்தைப் பொறுத்து 64 பக்கத்துக்குமேல் போனால் விரித்து வைக்க முடியாமல் பிதுங்கும், அப்போது முதுகு ஒட்டிய கட்டுக்கு மாறுங்கள். படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் முதியவர்கள், எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது. யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பழைய குறியேற்றத்தில் இருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். மெய்ப்புப் பார்ப்பதை இருவர் செய்யட்டும், அதில் ஒருவர் பெயர்களை மட்டும் பார்க்கட்டும். கட்டுரையில் எழுத்துப்பிழை இருந்தால் மன்னிப்பார்கள். தன் பெயரின் தலைப்பெழுத்து தவறாக இருந்தால் தோழி வாய்விட்டுச் சொல்ல மாட்டார், மறக்கவும் மாட்டார்.

பெண்களின் வாழ்க்கையைக் குரலாகவும் படமாகவும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. எழுத்தாளர் அம்பை உள்ளிட்டோர் 1988-இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. பொதுவெளியில் அறியப்பட்ட பெண்களுக்கு அப்படி ஓரிடம் கிடைக்கலாம். வீட்டுக்கு வெளியே பெயர் தெரியாத பெண்ணுக்கு அவர் குடும்பமும் தோழிகளும் சேர்ந்துதான் காப்பகமாக வேண்டும்.

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். நினைவஞ்சலி விளம்பரத்துக்குக் கொடுக்கும் படிவத்தில் பெண்களுக்காக மூன்று கட்டங்களைக் கூடுதலாகச் சேருங்கள்: தந்தை பெயரின் தலைப்பெழுத்து, படித்த பள்ளியும் ஆண்டும், பார்த்த வேலை. முடிந்தால் முதுமைப் படத்தோடு இருபது வயதுப் படம் ஒன்றையும் சிறிதாகப் போடச் சொல்லுங்கள். கணவர் பெயரோடு வரும் எழுபத்தெட்டு வயது முகத்தைப் பார்த்துப் பள்ளித்தோழிக்கு அடையாளம் தெரிவதில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார். பழைய தலைப்பெழுத்தும் இரட்டைச் சடை போட்ட முகமும் இருந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பார், விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குப் பேசவும் செய்வார்.

இப்படிக்கு,
நினைவு மலர்த் தொகுப்புப் பணியில் இருக்கும் வாசகர்கள் சிலர்